உமையாள் பாடிப் போன கடைசி ஆட்டம்

உள்ளே போகிற மூச்சும் வெளியே வருகிற மூச்சுமாய் இருந்து, நாம் கேளாமலே நம்மை நடத்திக்கொண்டிருக்கிற பெருமான் திருவடி முன்நிற்கட்டும். அவனை நினைத்துவிட்டுத்தான் நான் எதையும் தொடங்குவேன், தம்பி. பேருந்துப் பேச்சானாலும் அப்படித்தான். காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, "பையில் என்ன ஐயா, முழங்காலில் இடிக்கிறதே" என்று கேட்டீர்கள். கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது முறையன்று. நீடாமங்கலம் ரயில்வே கேட் வேறு சாத்தியிருக்கிறது. ஓட்டுநர் இறங்கித் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஆகையால் முழுமையாகவே சொல்லலாம்.

பையில் இருப்பது கைத்தாளம். அதன்மேல் சுற்றியிருப்பது முழங்காலுக்குப் போடுகிற உறை, விளையாட்டுப் பிள்ளைகள் போடுவது. அந்த உறைக்கு உரியவள் அதோ, முன்னால் மூன்றாவது இருக்கையில் சன்னலோரம் குட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள். என் மகள் உமையாள். என் பெயர் அம்பலவாணன். கொரடாச்சேரிக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐம்பதைத் தொடும்போது பிறந்த ஒரே பிள்ளை. ஏன் தனியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்களா? அது பெண்கள் இருக்கை. வேறு காரணம் இல்லை. பக்கத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறாரே என்கிறீர்களா? அவர் பிறகு ஏறியவர்.

அவள் கபடி ஆடுகிறவள். பாடிப் போகிறவள். 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்து, தொட்டுவிட்டுத் திரும்பி வருவதை எங்கள் பக்கத்தில் பாடிப் போவது என்பார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு அதில் நாட்டம் இல்லை. புழுதியில் புரண்டு, காலைப் பிடித்து இழுத்து, இது என்ன ஆட்டம் என்று இருந்தேன். ஆறு ஆண்டுகள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகுதான், பள்ளிப் பிரிவில் இதுவே அவளுக்குக் கடைசிப் பருவம் என்று என் மனைவி குழலி இடித்துக் கூறிய பிறகுதான், ஒருநாள் போய் உட்கார்ந்தேன்.

அன்று எனக்குக் கண் திறந்தது, தம்பி.

எண்ணிப் பாருங்கள். ஒற்றை உயிர். எதிரே எழுவர், பிடித்து வீழ்த்தக் காத்திருக்கிறார்கள். கையில் ஆயுதம் இல்லை. ஒரு சொல் மட்டும் உண்டு. அந்தச் சொல்லை இடைவிடாது சொல்லுகிறவரை உயிர் உண்டு. சொல் அறுந்தால் உயிர் போயிற்று. இதைத்தானே பெரியோர்கள் காலங்காலமாய்ச் சொல்லிவருகிறார்கள்? இன்னொன்று. ஆட்டமிழந்து வெளியே போனவர்கள், தம் அணிக்கு ஒரு புள்ளி கிடைத்தால் ஒருவர் பின் ஒருவராய் உயிர்பெற்று உள்ளே வருகிறார்கள். பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு! நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "யாரு ஐயா வர்றாங்க, கலெக்டரா?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்?

ஒரே ஒரு குறைதான் எனக்குப் பட்டது. இவ்வளவு பெரிய தவத்தைப் பிள்ளை தனியாகச் செய்கிறாளே என்று. துணை வேண்டாமா? எங்கள் ஊரில் திங்கள்தோறும் கோயிலில் கூடிப் பதிகம் ஓதுகிற அடியார் குழு ஒன்று இருக்கிறது. ஐவர். அவர்களில் இளையவன் நான். மூத்தவர் சபாபதி அண்ணன். கைத்தாளம் அவர் கையில்தான். செவி மட்டும் சற்று மந்தம். தொடங்கிவிட்டால், யாராவது தோளைத் தொடுகிறவரை நிறுத்தமாட்டார். அடுத்த ஆட்டத்துக்கு ஐவரும் வெள்ளை வேட்டி, திருநீறு, உருத்திராக்கத்தோடு போய் முன்வரிசையில் அமர்ந்தோம். உமையாள் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே காலெடுத்து வைத்தாள். நாங்கள் தொடங்கினோம்.

நடுவர் ஊதினார். அவளைத் திருப்பி அனுப்பினார். எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்.

மறுபடி போனாள், மறுபடி பாடினோம், மறுபடி ஊதினார். அந்த நடுவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் நான் யாரையும் வெறுப்பவன் அல்லன். இடைவேளையில் போய் அவர் நெற்றியில் திருநீறு இட்டேன். சிறிது வாயிலும் போட்டேன். அதன் பிறகு வெகுநேரம் அவரால் ஊத முடியவில்லை.

உடற்பயிற்சி ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தனியே அழைத்துப் போனார். பொறுமையான பெண்மணி. "ஐயா, பாடிப் போற பிள்ளையோட சத்தம் நடுவர் காதுல விழணும். விழலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அது சட்டம்" என்றார்.

"அம்மா, அவள் சத்தம் விழாவிட்டால் என்ன, எங்கள் சத்தம் நன்றாகத்தானே விழுகிறது?" என்று கேட்டேன்.

அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ புரிந்தது போலிருந்தது.

அடுத்தடுத்த ஆட்டங்களிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. வெகுதூர ஊர்களுக்கெல்லாம் வேன் அமர்த்திக்கொண்டு போனோம். நாங்கள் எவ்வளவு உருகிப் பாடினோமோ அவ்வளவுக்கு அவள் திருப்பி அனுப்பப்பட்டாள். பெருமான் அடியார்களைச் சோதிப்பான் என்பது தெரிந்ததுதானே? அவள் அணி மட்டும் எப்படியோ ஒவ்வொரு ஆட்டத்திலும் பிழைத்துக்கொண்டது. உமையாளுக்குப் பதிலாக வேறு பெண்ணைப் பாடிப் போகச் சொல்வார் டீச்சர். மற்றப் பிள்ளைகளுக்கு நாங்கள் பாடுவதில்லை. பெற்றவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவரவர் பாடிக்கொள்ளட்டும். அந்தப் பெண்கள் போய்ப் புள்ளியோடு வருவார்கள். உமையாள் கோட்டோரத்தில் உட்கார்ந்து முழங்கால் உறையை மேலும் கீழும் இழுத்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

அரையிறுதிக்கு முன் ஸ்டெல்லா டீச்சர் மறுபடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "ஐயா, நீங்க பெரிய மனசுக்காரர். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்கதானே? அவங்க பாடி வர்றப்ப நீங்க பாடுங்களேன்" என்றார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. சிலுவை அணிந்த அம்மையார் வாயிலிருந்து என்ன ஒரு கருணை! பகைவர்க்கும் அருள் வேண்டுதல் அல்லவா இது? அன்று எதிரணிப் பெண்கள் ஒவ்வொருவராகப் பாடி வந்தபோது நாங்கள் தொண்டை கட்டும்வரை ஓதினோம். அவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் அணி வென்றது. அவர்களுடைய வினை அவ்வளவு கனமானது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வென்றதற்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள் குழலி. உமையாள் அதைத் தொடவில்லை, தம்பி. மறுநாள் நான் பூசை முடித்து வருகையில் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, இறுதி ஆட்டத்துக்குத் தேர்வுக் குழு வருது. தஞ்சாவூர் விளையாட்டு விடுதியில ஒரு இடம் இருக்கு. அதுக்கப்புறம் இந்தப் பிரிவுல எனக்கு ஆட்டமே கிடையாது. இதுதான் கடைசி. இந்த ஒரு ஆட்டத்துக்கு வாயைத் திறக்காம இருப்பீங்களா?"

"கைத்தாளம்?" என்றேன்.

"கையும்தான்."

குழலி அடுக்களையிலிருந்தபடியே, "பிள்ளைக்கு இடம் கிடைச்சா விடுதிக்குப் போயிடும். அதான் இந்தப் பாட்டுப் பாடறீங்க, தெரியாதா எனக்கு" என்றாள். குழலி நல்லவள். பக்தி மட்டும் சற்றுக் குறைவு. எனக்குப் பூக்கூடையைக் கழுவ வேண்டியிருந்தது.

மௌனமும் வழிபாடுதான். வாக்குக் கொடுத்தேன். குழுவினருக்கும் கட்டளையிட்டேன்: வாய் திறக்கக் கூடாது, கை அசையக் கூடாது. கைத்தாளத்தைச் சபாபதி அண்ணனிடமிருந்து வாங்கி வீட்டில் பூட்டினேன். அவருக்கு அதில் வருத்தம்தான். விரல்கள் தாமாக ஆடிக்கொண்டே இருந்தன.

இறுதி ஆட்டம் மாவட்ட மைதானத்தில் நடந்தது. திருவிழாக் கூட்டம். கடற்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்று எதிரணி. அவர்கள் தலைவி ஒரு நெட்டைப் பெண், பிடித்தால் உடும்பு. தொடக்கத்தில் நாட்டுப்பண் ஒலிக்க வேண்டும், ஆனால் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. சரிசெய்ததும் இடையிலோ முடிவிலோ ஒலிக்கும், அனைவரும் எழுந்து நின்று மரியாதை செலுத்த வேண்டும் என்று ஒருவர் வெறும் வாயால் கத்தி அறிவித்தார். இதை நினைவில் வையுங்கள். இது முக்கியம்.

ஆட்டம் தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. உமையாள் பாடிப் போனாள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. மறுபடி போனாள், புள்ளியோடு வந்தாள். எங்கள் துணையின்றி எப்படி ஆடுகிறாள் என்று எனக்கு ஒரே வியப்பு. மனத்துக்குள் ஓதுவதன் ஆற்றல் அது என்று பிறகு தெளிந்தேன்.

கடைசி நேரம் வந்தது. நம் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசியாகப் பாடிப் போகிறவள் உமையாள். இருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வெற்றி. கூட்டம் கொதித்தது. விசில், தகரம், கூச்சல். அவள் உதடு அசைவது தெரிகிறது, ஒலி கேட்கவில்லை. நடுவர் காதைச் சாய்த்து முன்னால் குனிகிறார். தொண்டைவரை பதிகம் வந்து நிற்கிறது. கை தானாக எழுகிறது. வாக்குக் கொடுத்திருக்கிறேனே! என்ன செய்வேன்? கைகளை அடக்குவதற்காக இரண்டையும் துடையோடு அழுத்தி, விறைப்பாக எழுந்து நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து மற்ற நால்வரும் அப்படியே எழுந்து, கைகளைத் துடையோடு அழுத்தி, விறைப்பாக நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி 'கர்ர்' என்று உயிர்பெற்றது.

எங்களுக்குப் பின்னால் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். ஐந்து முதியவர்கள் விறைத்து நிற்பதைக் கண்டார். ஒலிபெருக்கியின் ஒலியைக் கேட்டார். எழுந்தார். பட்டாளத்துக்காரர் எழுந்தால் பக்கத்தில் உள்ளவன் உட்கார்ந்திருப்பானா? அந்த வரிசை எழுந்தது. அடுத்த வரிசை எழுந்தது. காவலர் இருவர் குதிகாலை இடித்துக்கொண்டார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் வாயிலிருந்த முறுக்கோடு எழுந்தார். மைதானம் முழுவதும் எழுந்து, அசையாமல், ஓசையில்லாமல் நின்றது. நடுவர் வாயில் ஊதலோடு நேராக நின்றார். எதிரணிப் பெண்கள் எழுவரும் பள்ளியில் பழகியபடி குதிகால் சேர்த்து நின்றார்கள்.

நிற்காதவள் ஒருத்திதான். பாடிப் போகிறவள் எதற்கும் மூச்சை விடக் கூடாது என்று ஆறு ஆண்டு பயின்றவள் அல்லவா? கண்ணைக் கால்களின்மேலேயே வைத்திருப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். ஊரே அடங்கிய அந்த அமைதியில் 'கபடி கபடி கபடி' என்ற ஒற்றைக் குரல் மட்டும் மைதானத்தில் சுற்றி வந்தது. சேர்ந்து நின்ற கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கோயிலில் நவக்கிரகம் சுற்றுவது போல எழுவரையும் சுற்றி வந்து தொட்டாள். திரும்பி வந்து கோட்டைத் தொட்டாள். மூச்சை விட்டாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஒலிபெருக்கி இன்னொரு முறை 'கர்ர்' என்றுவிட்டு ஓய்ந்தது. நாட்டுப்பண் வரவில்லை.

பிறகு நிகழ்ந்ததைக் கேளுங்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்தார். நாட்டுப்பண்ணுக்கு நின்ற பிள்ளைகளைத் தொடுவது எந்த ஊர் நியாயம் என்றார். எந்த நாட்டுப்பண் என்றார் ஸ்டெல்லா டீச்சர். நடுவர், தாம் நின்றது மரியாதைக்காகவே என்றும், ஆயினும் ஏழு தொடுகையையும் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். சிறப்பு விருந்தினர் முறுக்கை விழுங்கிவிட்டு, முதலில் எழுந்தது யார் என்று கேட்டார். காவலரைச் சுட்டினார்கள், காவலர் ஹவில்தாரைச் சுட்டினார், ஹவில்தார் எங்களைச் சுட்டினார்.

எல்லாரும் என்முன் வந்து நின்றார்கள். "பெரியவரே, எதுக்கு எழுந்தீங்க?"

நான் எப்படி விடை சொல்வேன்? ஆட்டம் முடிந்ததாக நடுவர் ஊதவில்லையே. வாக்கு வாக்குத்தான். வாயைத் திறக்கவில்லை; கையையும் துடையிலிருந்து எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சபாபதி அண்ணன் மட்டும், தோளில் யாரோ கை வைத்ததால் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எண்ணி உட்கார்ந்துவிட்டார். "வாய் பேசாதவரு போல" என்று ஒருவர் இரங்கினார். சிறப்பு விருந்தினர் என் தோளில் சால்வை ஒன்றைப் போர்த்தினார்.

அப்போது உமையாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புழுதி படிந்த முகம். என்னைப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். அவை துடையில் ஒட்டியபடியே இருந்தன. நடுவரிடம் திரும்பினாள்.

"அவர் எங்க அப்பா, சார். பேசமாட்டார். நான்தான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்." பிறகு கோட்டைக் காட்டி, "அந்த ஏழு பேர் எனக்கு வேணாம். நின்னவங்களைத் தொட்டா அது ஆட்டமா? நான் மறுபடி பாடிப் போறேன்" என்றாள்.

பெருமான் அள்ளிக் கொடுத்ததை அவள் அப்படியே திருப்பிக் கொடுத்தாள், தம்பி. இதுதான் என் குறை. இன்றும் ஆறவில்லை. எழுவர்! ஒரே மூச்சில் எழுவர்! வாயைத் திறந்து தடுத்திருப்பேன், திறக்க முடியாதே.

நடுவர் இசைந்தார். மறுபடி போனாள். இம்முறை கூட்டத்தில் யாருக்கும் கூச்சலிட வாய் வரவில்லை. நிற்பதா உட்காருவதா என்ற ஐயத்திலேயே இருந்தார்கள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. நானும் அன்றுதான் அதை முழுமையாகக் கேட்டேன். தொடக்கத்தில் தாழ்ந்து, பிறகு ஏறி, முடிவில் இழைபோல் மெலிந்து, ஆனாலும் அறாமல். ஓதுவார் குரல்! அது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஓரத்தில் நின்ற பெண்ணைக் கையால் தொட்டாள். இன்னொருத்தியைக் காலால் தொட்டாள். திரும்பும்போது அந்த நெட்டைப் பெண் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். எழுவரும் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் கோட்டை நோக்கி நீண்டு வந்தது. நீண்டது, நீண்டது, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. குவியலுக்குள்ளே குரல் அறுந்தது.

நடுவர் ஊதினார். தோற்றோம்.

நெட்டைப் பெண் உமையாளைத் தூக்கி நிறுத்தி, புழுதியைத் தட்டிவிட்டு, "உங்கப்பாவை அடுத்த தடவையும் கூட்டிட்டு வா, ஜாலியா இருக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். தோற்றவள் சிரிப்பதை நான் அன்றுதான் கண்டேன். என்னிடம் வந்து, மூச்சிரைக்க, துடையோடு ஒட்டியிருந்த என் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"அப்பா, இன்னிக்குத்தான் என் சத்தம் எனக்கே கேட்டுச்சு" என்றாள்.

பாருங்கள், அவ்வளவு நாளும் எங்கள் பதிகத்திலேயே ஒன்றிப் போய்த் தன் குரலையே மறந்திருக்கிறாள் பிள்ளை. அதைக் கேட்டு நான் கண்ணீர் விட்டேன்.

இடம் கிடைத்தது, தம்பி. தேர்வுக் குழுவில் ஒரு பெண்மணி, ஏழு புள்ளியைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையை இதுவரை தாம் பார்த்ததில்லை என்றாராம். அந்த மூச்சையும் பார்த்தோம் என்றாராம். மேலே கம்பியில் கட்டியிருக்கிற நீலத் தகரப்பெட்டி அவளுடையது. விடுதியில் சேர்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கைத்தாளத்தை ஏன் எடுத்துச் செல்கிறேன் என்றால், தஞ்சாவூரில் ஆட்டங்கள் நிறைய நடக்குமாம். முதியோருக்குப் பேருந்தில் சலுகை ஏதும் உண்டா என்று நடத்துநரிடம் விசாரிக்க வேண்டும். காலையில் தாளத்தைப் பையில் வைக்கப் போனேன். அவளே வாங்கி, தன் பழைய முழங்கால் உறை இரண்டையும் எடுத்து, தாளத்துக்கு ஒன்றாக மாட்டி, இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். வழியில் நசுங்கக் கூடாது என்றுதான். அதில் தட்டிப் பார்த்தேன், ஓசை வரவில்லை. தலையணையில் தட்டியது போல இருந்தது. மெத்தென்று, அதுவும் ஒரு சுகம்.

குழலி வாசலிலேயே நின்றுவிட்டாள். வரவில்லை. "நீங்க போய் விட்டுட்டு வாங்க. விட்டுட்டு வரணும், தெரியுதா?" என்றாள். விட்டுவிட்டு வராமல் நான் என்ன, அங்கேயே தங்கவா போகிறேன்? பெண்கள் விடுதி. அவள் எதையும் இப்படித்தான் இரண்டு முறை சொல்வாள்.

கேட் திறக்கிறார்கள் போலிருக்கிறது. ஓட்டுநர் ஏறிவிட்டார். அதோ பாருங்கள், உமையாள் திரும்பிப் பார்க்கிறாள். எதிரணிக்குள் போனவள் நடுக்கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள், அதே பார்வைதான். அந்தக் கோடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மறுபடி முன்னால் திரும்பிவிடுவாள். பார்த்தீர்களா, திரும்பிவிட்டாள். நான் உங்களைத் தொந்தரவு செய்கிறேனோ என்று பார்த்திருப்பாள்.

நீங்கள் இறங்குகிற இடம் எதுவானாலும், தம்பி, இவ்வளவையும் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் பெருமான் எல்லா நலமும் அருளுக. எந்தக் களத்துள் போனாலும் உங்கள் மூச்சு நடுவில் அறாதிருக்கட்டும். பிடித்தவர் கை நழுவட்டும். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீடு வந்து சேர்வீர்களாக.